போகும்போது அவசரம், திரும்பும்போது ஜன்னல்

ரயிலேறிப் போய் நண்பர்களைப் பார்த்து, அப்படியே நாலு இடத்தையும் சுற்றிவிட்டு வருவது பற்றி இந்த முறை இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கூடப் படித்த தோழி பத்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. வழியில் இரண்டு மூன்று ஊர்களில் இறங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று திட்டம். சரியா?

பதில்: இறங்கிப் பார்ப்பதெல்லாம் சரி, வரிசைதான் தலைகீழ். முதலில் தோழி, அப்புறம் ஊர்கள். ஒருவர் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது வழியில் எந்த இடத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஒரு ரயில் அரை மணி தாமதமானால் போதும், அடுத்த ரயிலை விட்டு, அதற்கடுத்தது மாறி, "எங்கே வந்துட்டே?" என்று அவள் கேட்க, நீங்கள் ஏதோ ஒரு கோட்டை வாசலில் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். போகும்போது இருப்பதிலேயே வேகமான ரயிலில், நடுவில் மாறத் தேவையில்லாத ரயில் இருந்தால் அதில், நேராகப் போய் இறங்குங்கள். ஊர்களைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஒரு ரயிலை விட்டால் அடுத்த ரயில், அவ்வளவுதான். தவிர, தோழி வீட்டில் மூன்று நாள் இருந்தாலே எந்த ஊரில் இறங்குவது, எதைத் தாராளமாக விட்டுவிடலாம் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து போட்ட பட்டியலில் ஒன்றாவது அடிபடும், பாருங்கள்.

கேள்வி: வேகமான ரயிலில் போனால் ஒன்றுமே தெரிவதில்லை. ஒரு பக்கம் சுவர், இல்லாவிட்டால் குகை. ஏன் இப்படி?

பதில்: பாதை போட்ட காலம்தான் காரணம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஒரு எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுப்பது அதனால்தான், அதே காரணத்தால்தான் மேட்டில் ஏறும்போது சக்கரம் வழுக்கித் திணறுகிறது. நீராவி எஞ்சின் காலத்தில் பாதை போட்டவர்கள் மேட்டைத் தவிர்க்க ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டார்கள். மலைக்கு நடுவே மிதமான சரிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை ஆறு ஏற்கெனவே செய்து வைத்திருக்கும், பின்னாலேயே போக வேண்டியதுதான். ஆறு வளைந்தால் ரயிலும் வளையும், அதனால்தான் பழைய பாதைகளில் அத்தனை காட்சி. இன்றைக்கு மோட்டாருக்கு வலு அதிகம், குகை குடைய எந்திரம் இருக்கிறது, மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓட வேண்டுமானால் வளைவும் இருக்கக் கூடாது, ஆக மலையைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகிறார்கள். ஊர் நடுவே போகும் இடத்தில் சத்தத்தைத் தடுக்கச் சுவர் எழுப்புகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களுக்கு அது நல்லதுதானே.

ஜெர்மனியில் கொலோனிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் போக இரண்டு வழியும் இருக்கின்றன. 2002இல் திறந்த அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. பழைய பாதை ரைன் நதியின் மேற்குக் கரையோடு ஒட்டிப் போகும், நேரம் இரண்டு மடங்கு, ஆனால் கோப்லென்ஸ் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் ஆறும், அக்கரைச் சரிவில் திராட்சைத் தோட்டமும், கோட்டை மாற்றிக் கோட்டையுமாக பிங்கன் வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். நண்பர் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்தால் முதலாவதில் போங்கள், இரண்டாவதில் திரும்புங்கள், அப்போது ஆறு வலது பக்கம்.

சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் மலைப்பாதை இதைவிட வேடிக்கை. 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் குகையில் நுழைந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் உங்கள் முகம்தான் கண்ணாடியில் தெரியும். 1882இல் போட்ட பழைய பாதையிலும் இன்றைக்கு ரயில் ஓடுகிறது. அது வாசன் என்ற சின்ன ஊரைச் சுற்றிச் சுருளாக ஏறுகிறது. முதலில் ஊர் மாதாகோவில் தலைக்கு மேலே தெரியும், ஒரு குகைக்குள் போய் வெளியே வந்தால் ஏறக்குறைய கண்மட்டத்தில் இருக்கும், இன்னொரு குகை, வெளியே வந்தால் அதே வெள்ளைக் கோவில் காலுக்குக் கீழே. வேறு வேறு கோவில் என்று நினைத்து மூன்று படம் எடுத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

கேள்வி: எந்தப் பக்க ஜன்னல் நல்லது?

பதில்: காட்சி எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் போகும் ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஃபூஜி மலை வலது பக்கம், கிளம்பி முக்கால் மணி வாக்கில் வரும், திரும்பும்போது இடது பக்கம். ஒன்றும் தெரியாத பாதையென்றால் வெயிலைக் கேளுங்கள். வடக்கு தெற்காக ஓடும் ரயிலில் காலையில் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம் உட்காருங்கள், கண் கூசாது, சூரியன் முதுகுப் பக்கம் இருப்பதால் எதிரே உள்ள மரம் மலையெல்லாம் முழு வெளிச்சத்தில் இருக்கும். கிழக்கு மேற்காக ஓடும் ரயிலில், கடக ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளென்றால் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான், அதனால் வடக்குப் பக்கம். இப்படி உட்கார்ந்தால் ஒரு உபரி லாபம்: வெயில் சாயும் நேரத்தில் நம் ரயிலின் நிழலே வயலில் கூட ஓடிவரும், பெட்டிக்குப் பெட்டி இடைவெளியும், ஜன்னல் வழியாகப் புகுந்து வரும் வெளிச்சக் கட்டங்களும் தெரியும், பள்ளம் வந்தால் நிழல் உள்ளே இறங்கி மேடு வந்தால் ஏறும்.

ஆனால் ஒரு கசப்பு உண்டு. 'ஜன்னலோரம்' என்று டிக்கெட்டில் போட்டிருப்பார்கள், போய் உட்கார்ந்தால் இரண்டு ஜன்னலுக்கு நடுவே உள்ள சுவர்தான் நமக்கு வாய்த்திருக்கும். சீட் வரிசைக்கும் ஜன்னல் வரிசைக்கும் பொருத்தமே இல்லாத பெட்டிகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. மேஜை போட்ட நாலு பேர் சீட் இருந்தால் அதைப் பிடியுங்கள், பெரும்பாலும் அங்கே முழு ஜன்னல் இருக்கும்.

கேள்வி: ரயில் போகும் திசைக்கு எதிராக உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. மனப்பிரமை என்று கேலி செய்கிறார்கள்.

பதில்: பிரமை இல்லை. உள்காது அசைவை ஒரு மாதிரி உணர்கிறது, கண் வேறு மாதிரி சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வரும். திசையைப் பார்த்து உட்கார்ந்து, தூரத்தில் அசையாமல் நிற்கும் மலையையோ அடிவானத்தையோ பாருங்கள், புத்தகமும் போனும் வேண்டாம். பெட்டியின் நடுப்பகுதியில் சீட் கேளுங்கள், சக்கரத் தொகுதிகள் இரண்டு கோடியிலும் இருப்பதால் நடுவில் ஆட்டம் குறைவு. சில பெரிய ஸ்டேஷன்களில் பாதை அங்கேயே முடிந்துவிடும், ரயில் வந்த வழியே திரும்பிக் கிளம்பும். அதுவரை முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர் பின்னோக்கியாகிவிடுவார். அங்கே எழுந்து இடம் மாற்றிக் கேளுங்கள், கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

கேள்வி: பேர்பெற்ற சுற்றுலா ரயில்களில் எப்போது பார்த்தாலும் இடமில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் ஏறுங்கள். இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ் 291 பாலம், 91 குகை தாண்டி எட்டு மணி நேரம் போகிறது. எக்ஸ்பிரஸ் என்ற பெயரைத் தாங்கிய ரயில்களிலேயே மெதுவானது என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கூரை வரைக்கும் கண்ணாடி, ஆனால் திறக்க முடியாத கண்ணாடி, படம் எடுத்தால் எதிர் சீட்காரரின் சட்டையும் சேர்ந்து விழும். அதே பாதையில் உள்ளூர் ரயில்களும் ஓடுகின்றன, சிலவற்றில் ஜன்னலை இறக்கலாம், பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். 65 மீட்டர் உயரத்தில் வளைந்தபடியே பாறைக்குள் நுழையும் லாண்ட்வாசர் பாலம் இரண்டு ரயிலுக்கும் ஒன்றுதான்.

விதிவிலக்கும் உண்டு. நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் வேறு வழியே கிடையாது, பல்சக்கரம் வைத்த எஞ்சின்தான் ஏற முடியும், அது கொண்டுபோகும் பெட்டிகளும் சில. அங்கே முன்பதிவுக்கு முந்திக்கொள்வதைத் தவிர வழியில்லை. மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆகவே முதல் பெட்டிக்கு முன்னால் மறைக்க ஒன்றுமே இருக்காது. கிடைத்தால் விடாதீர்கள்.

கண்ணாடி திறக்காத ரயிலில் படம் எடுக்க: போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், சுற்றி ஒரு கறுப்புத் துணி, ஃப்ளாஷ் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கம்பமும் வேலியும் கலங்கித்தான் விழும், தூரத்தைக் குறிவையுங்கள்.

கேள்வி: நண்பன் வீட்டில் எத்தனை நாள் தங்கலாம்? அவன் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுவான் என்று எதிர்பார்ப்பது தப்பா?

பதில்: எத்தனை நாள் என்பதைவிட, எந்த நாள் கிளம்புகிறீர்கள் என்பதை வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது முக்கியம். திரும்பும் டிக்கெட்டின் தேதியை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். "பார்த்துக்கிட்டுச் சொல்றேன்" என்று வந்து இறங்குகிற விருந்தாளியால் அந்த வீட்டில் யாரும் எதையும் திட்டமிட முடியாது, வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. லீவு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார்: உங்களுக்கு விடுமுறை, அவருக்கு அது வேலை நாள். பகலில் நீங்களாகப் போய் மியூசியம், அரண்மனை, என்ன இருக்கிறதோ பார்த்துவிட்டு வாருங்கள், சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊரிலும் அங்கேயே வாழ்கிறவர்கள்தான் அந்த ஊர்க் கோட்டைக்குக் கடைசியாகப் போகிறவர்கள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதோடு சரி. நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னால், "அப்படியா, அங்கே மேலே ஏற விடுறாங்களா?" என்று அவர் உங்களைக் கேட்பார். அடுத்த லீவு நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழிகாட்டி நீங்கள்.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர். எல்லோரும் சேர்ந்து ஒரே நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.

பதில்: ரயிலில் கூட்டமாகப் போவது பழைய வழக்கம்தான். 1841இல் இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரைத் திரட்டி லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார், மதுவிலக்குக் கூட்டத்துக்காக. உல்லாசப் பயணத் தொழிலின் தொடக்கத்தில் அப்படி ஒரு காரியம் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் 500 பேரையும் யார் வீட்டிலும் கொண்டுபோய் இறக்கவில்லை. அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர்கள் என் ஊருக்கு ரயிலில் வருகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா, வீட்டு விலாசத்தை அனுப்பினால் போதாதா?

பதில்: முதல் தடவை வருகிறார்கள் என்றால் போங்கள். டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷனில் ஹச்சிக்கோ என்ற நாய் 1925இல் இறந்துபோன தன் எஜமானர் வருவார் என்று 1935இல் தான் இறக்கும்வரை காத்திருந்தது. அதன் சிலைதான் இன்றைக்கு அங்கே எல்லோரும் சந்தித்துக்கொள்ளும் இடம். உங்களை அந்த அளவுக்குக் கேட்கவில்லை, ஒரு அரை மணி நேரம். 'மெயின் வாசலில் நிற்கிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், பெரிய ஸ்டேஷன்களில் எது மெயின் என்று உள்ளூர்க்காரர்களுக்கே சண்டை வரும், டோக்கியோவிலேயே ஷிஞ்சுக்கு ஸ்டேஷனில் 200க்கும் மேற்பட்ட வாசல்கள். சிலை, கடிகாரம் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்லுங்கள். அல்லது பெட்டி எண்ணை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கே போய்விடுங்கள்.

கேள்வி: தப்பான ரயிலில் ஏறிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?

பதில்: எனக்கு நடந்தது அதைவிட மோசம், சரியான ரயிலில் தப்பான பாதியில் ஏறினேன். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும், முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. ஒரு ஸ்டேஷனில் ரயில் பத்து நிமிஷம் நின்றது, எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம், மைக்கில் புரியாத மொழியில் ஏதோ சொன்னார்கள், எங்கள் பெட்டியில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் முன்னோக்கி ஓடினார்கள். பாவம், இறங்க வேண்டிய ஊரை மறந்துவிட்டார்கள் போல என்று நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். கிளம்பிய பிறகுதான் கதவுக்கு மேலே ஓடிய எழுத்தில் என் ஊர் இல்லை என்று பார்த்தேன். என் நண்பர் வேறொரு ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நின்றார். கூட்டம் ஓடினால் ஏன் என்று கேளுங்கள். ஏறும்போது பெட்டிக் கதவருகே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படியுங்கள், ரயில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஊர்ப் பெயரையும் முழுதாகப் படியுங்கள்: ஃப்ராங்க்ஃபர்ட் என்று ஜெர்மனியில் இரண்டு உண்டு, மைன் நதிக்கரையில் ஒன்று, போலந்து எல்லையை ஒட்டி ஓடர் நதிக்கரையில் இன்னொன்று. பாரிஸ் மாதிரி நகரங்களில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி நகரத்தின் மறுகோடியில் வேறு ஸ்டேஷனில் ஏற வேண்டியிருக்கும், டிக்கெட்டில் பார்த்தால் இரண்டுமே பாரிஸ்தான்.

இணைப்பு ரயில் இருந்தால், முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதை விட்டால் பெரும்பாலும் அது உங்கள் தலைவலி. எந்தக் காரணத்துக்காகவும் அன்றைய கடைசி ரயிலை நம்பி இணைப்பு வைக்காதீர்கள்.

கேள்வி: இரவு ரயிலில் போனால் ஒரு பகல் மிச்சம் என்கிறார்களே?

பதில்: மிச்சம்தான், ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டின் அழைப்பு மணியை அடிக்க வேண்டிவரும். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, லக்கேஜ் வைக்கும் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, ஆளில்லாத அந்த நேரத்தில் ஊரை ஒரு சுற்று நடந்து பார்த்து, எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள்.

கேள்வி: எவ்வளவு லக்கேஜ்?

பதில்: நீங்களே ஒரே கையால் தூக்கிப் படியேற முடிகிற அளவு. டோக்கியோ ஒசாகா ஷிங்கான்சென்னில் நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெட்டிக்குத் தோதான சீட்டை முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் சொல்வதில்லை, முறைக்கிறார்கள்.

கேள்வி: பையனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் சின்ன வயசில் கேட்ட அந்தத் 'தடக் தடக்' சத்தம் இப்போது ஏன் இல்லை?

பதில்: அது தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் சக்கரம் விழுந்தெழும் சத்தம். வெயிலில் எஃகு நீளும், ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 36 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும், அதற்காக விட்ட இடம். இப்போது துண்டுகளைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கி, நீள விடாமல் இறுக்கிப் பிடித்துவைக்கிறார்கள், சத்தம் போய்விட்டது. கடும் வெயில் நாளில் அது வளைந்துவிடக் கூடாது என்றுதான் சில நேரம் ரயிலை மெதுவாக ஓட்டுகிறார்கள், தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். சத்தம் இல்லாவிட்டால் என்ன, பையனிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து கிலோமீட்டர் கல்லை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை விநாடியோ அதால் 3600ஐ வகுத்தால் வேகம். 36 விநாடி என்றால் 100 கிலோமீட்டர், 45 என்றால் 80. ஒரு மணி நேரத்துக்குச் சத்தமே இருக்காது, அப்புறம் பசிக்கிறது என்பான்.

கேள்வி: முப்பது வருஷ நண்பர். போன வருஷம் முதல் அவரால் அதிகம் நடக்க முடியாது. நான் போனால் "உன்னைக் கூட்டிக்கிட்டுச் சுத்த முடியலையே" என்று வருத்தப்படுகிறார், அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஊர் பார்க்கவும் மனம் வரவில்லை.

பதில்: அவரை ரயிலில் கூட்டிப்போங்கள். எந்த ஊருக்கும் இல்லை, பாதை அழகாக இருக்கும் பக்கமாக ஒரு மணி நேரம் போய், அங்கே பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அடுத்த ரயிலில் திரும்புங்கள். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற மெதுவான ரயிலாகப் பாருங்கள். இரண்டு ஸ்டேஷனிலும் லிஃப்ட் வேலை செய்கிறதா, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், வீல்சேரும் சாய்தளமும் வேண்டுமென்றால் ரயில்வேக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஏறப்போகும்போது கேட்டால் கிடைப்பது சிரமம். கூட்டமில்லாத முற்பகல் ரயில் நல்லது. போகும்போது ஜன்னல் அவருக்கு, வரும்போதும் அவருக்கே.